ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை

அன்பும் கம்ப்யூட்டர் அறிவும் ஒருங்கே வாய்த்த மைத்துனருக்கு,

உன் அக்காவின் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அக்கா என்னைவிட நலம், நீ வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் தங்கையும் பிள்ளைகளும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்திவிட்டு விஷயத்துக்கு வருகிறேன் மாப்பிள்ளை. ஹார்ட் டிஸ்கை வாங்கிப்போகச் சனிக்கிழமை ஓர் ஆளை அனுப்புவதாகச் சொன்னாயே, அவரை அனுப்ப வேண்டாம். ஏன் என்பது முழுக்கப் படித்தால் புரியும். படித்த பிறகு அத்தானுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று தோன்றினால் தோன்றட்டும், ஆளை மட்டும் அனுப்பாதே.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். தொண்டை ஆபரேஷனில் உன் அக்காவுக்குப் பேச்சுதான் போனதே தவிர காது போகவில்லை. பேச்சு போன பிறகு காது இன்னும் கூர்மையாகிவிட்டது போலிருக்கிறது. நான் குளியலறையில் முணுமுணுத்தால் சமையலறையிலிருந்து பதில் வருகிறது. பதில் என்றால் தட்டு. நீ போன தடவை வந்தபோது பார்த்திருப்பாய், நீளமாகச் சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதுவாள், சின்னதற்கெல்லாம் கரண்டியாலோ விரல் முட்டியாலோ பக்கத்தில் இருப்பதில் தட்டுவாள். ஒரு தட்டு ஆமாம். இரண்டு தட்டு இல்லை. மூன்று தட்டினால் இங்கே வா. அதற்கு மேல் தட்டினால் வாயை மூடு என்று அர்த்தம், அதுதான் அதிகம் கேட்கும். இந்த வீட்டில் நான் போனில் பேசினால் அவளுக்குத் தெரியாமல் பேசவே முடியாது. நான் சொல்லப்போவது அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம்.

அந்த டிஸ்கில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், சொன்னால்தான் என் மனசு ஆறும். பார்வை இல்லாத மாணவர்களுக்காக உன் அக்கா பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து கொடுத்துக்கொண்டிருந்தாளே, அத்தனையும் அதில்தான் இருக்கிறது. அவள் பதிவுகளைக் கொடுத்த நூலகத்தில் இப்போது மெஷினே வாசிக்கிறதாம், இடத்தை அடைக்கிறது என்று பழைய பதிவுகளை அழித்துவிட்டார்களாம். ஆகவே உலகத்தில் உன் அக்காவின் குரல் இருக்கிற ஒரே இடம் அந்தப் பெட்டி. காப்பி எடுத்து வையுங்கள் அத்தான் என்று நீ ஒரு பென் டிரைவ் கொடுத்தாய். அதைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை, ஆனால் பத்திரமாக இருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு தினம் சாயங்காலம் அந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாடம் கேட்பேன். தப்பாக நினைக்காதே, பாடத்துக்காகக் கேட்கவில்லை. ஆனாலும் மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை, தோலால் மூச்சு விடுகிறது என்பதெல்லாம் இந்த வயதில் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அவள் "அடுத்த பக்கம்" என்று சொல்லுவாள், தாள் புரளும் சத்தம் வரும், லேசாக ஒரு மூச்சு இழுப்பாள். அந்த மூச்சு வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வருவேன். போன மாதம் ஒரு நாள் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது "அடுத்த" என்ற இடத்தில் குரல் நின்றது. அப்புறம் "அடுத்த" என்றது. அப்புறம் மறுபடி "அடுத்த". நடுநடுவே பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். மவுஸை அசைத்தேன், அசையவில்லை. நீ சொல்லிக்கொடுத்தபடி அந்த மூன்று பட்டன்களை ஒன்றாக அமுக்கினேன், குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து ஆம்பிளைக் குரல் மாதிரி ஆகி "அ... டு..." என்று இழுத்தது. திரும்பிப் பார்த்தால் கதவைத் திறந்துகொண்டு உன் அக்கா நிற்கிறாள். குரல் எனக்கு முன்னால், குரலுக்குச் சொந்தக்காரி எனக்குப் பின்னால், நடுவில் நான். யாரைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியாமல் "சரி பண்ணிடலாம்" என்றேன். அவள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் கடைத்தெருவிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரைக் கூட்டி வந்தேன். காதில் ஒரு ஒயரை மாட்டிக்கொண்டே வந்தார், மாட்டிக்கொண்டே போனார், நடுவில் நான் சொன்னது எதுவும் அவர் காதுக்குப் போயிருக்காது. கேபிளைப் பிடுங்கினார், செருகினார், வேறு கேபிள் போட்டார், தன் லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தார். அவருடைய லேப்டாப்பும் அப்படியே உறைந்துபோனதும்தான் மனுஷன் காதிலிருந்த ஒயரைக் கழற்றினார். டிஸ்கைப் படிக்கிற தலை உள்ளே போய் முட்டுகிறது, அதுதான் இந்த டக் டக், இனிமேல் கரண்ட் கொடுத்தால் இருக்கிற கொஞ்சமும் கீறிப்போகும் என்று சொல்லிவிட்டு, "அங்கிள், தினம் எப்படி ஆஃப் பண்ணுவீங்க?" என்று கேட்டார். செய்து காட்டினேன். முதலில் சுவரில் மெயின் சுவிட்ச், அப்புறம் பெட்டியில் பட்டன், கடைசியில் திரை. மெயினை முதலில் அடைக்க வேண்டும், கிளைக்குழாயை அப்புறம் அடைக்க வேண்டும், மாற்றிச் செய்தால் தெருவே மூழ்கிவிடும் என்று எங்கள் குடிநீர் வாரியத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள் என்பதையும் விளக்கினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இதுல தண்ணி ஓடலை அங்கிள்" என்றார். ஓடவில்லை என்பது எனக்கும் தெரியும், ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? இத்தனை வருஷம் அப்படித்தான் அணைத்தேன், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதானே இருந்தது? இன்றைக்கும் நான் தப்பு செய்ததாக நினைக்கவில்லை. டிஸ்க் செய்தவன் மெயினை மனதில் வைத்துச் செய்திருக்க வேண்டும்.

அவர் டிஸ்கைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பார்த்தால் சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கிறது, ஆனால் கனம். பக்கத்து வீட்டுக்காரர், அந்தக் காலத்தில் டெலிபோன் ஆபீசில் இருந்தவர், சுவர் மேல் எட்டிப் பார்த்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரிட்ஜின் மேல் அறையில் வைத்தால் உள்ளே இறுகி மறுபடி வேலை செய்யும், அவருடைய மருமகனுக்குத் தெரிந்தவருக்கு அப்படி நடந்தது என்றார். அவர் சொன்ன வைத்தியத்தில் என் கால்வலி ஒரு தடவை முழங்காலிலிருந்து இடுப்புக்குப் போயிருக்கிறது. இருந்தாலும் முடியாதவனுக்கு எந்த வைத்தியமும் வைத்தியம்தானே, ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மத்தியானம் உன் அக்கா தண்ணீர் எடுக்கப்போனவள் அப்படியே திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெண்புகை அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பையை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி, என் முன்னால் மேஜையில் வைத்தாள். சிலேட்டில் எழுதினாள்: "என்னை ஏன் இதுக்குள்ள வெச்சீங்க?" நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் ஒருத்தி அப்படி எழுதிக் காட்டினால் உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்தேன். உங்கள் ஊரில் தூசி நுழையாத அறையில் வைத்து டிஸ்கைத் திறந்து பார்க்கும் இடம் இருக்கிறது, ஒரே ஒரு முறைதான் திறக்கலாம், வந்தால் வரும், வராவிட்டால் அத்தோடு போச்சு என்று நீ சொன்னாய். அனுப்பினால் ஒரேயடியாகப் போய்விடுமோ, அனுப்பாவிட்டால் இருந்தும் இல்லாமல் கிடக்குமோ என்று யோசித்து யோசித்து, டிஸ்கை அந்த அறை மேஜையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் வைத்தேன். அப்புறம் பரண் மேலிருந்து என் கம்பியை இறக்கினேன்.

என் கம்பி உனக்குத் தெரியாது. மண்ணுக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. இடுப்பு உயர இரும்புக் கம்பி, தலையில் மரக் குமிழ். முனையைக் குழாய் மேலோ தரை மேலோ ஊன்றிக் குமிழில் காதை வைத்தால் பூமிக்கடியில் நடப்பது எல்லாம் கேட்கும். ஓடும் தண்ணீர் ஒரு மாதிரி முனகும், கசியும் தண்ணீர் ஒரு மாதிரி சீறும். எத்தனையோ தெருக்களில் எல்லோரும் ஓரிடத்தில் தோண்டிக்கொண்டிருக்க நான் வேறு இடத்தைக் காட்ட, அங்கே ஊற்றுக் கிளம்பியிருக்கிறது. என் சர்வீசில் ஒரு தடவைகூடப் பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் கசிவு என்று நான் நினைத்ததில்லை, அதை நீ மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

கம்பியின் முனையை டிஸ்க் மேல் வைத்துக் காதைக் கொடுத்தேன். கரண்ட் இல்லை, கேபிள் இல்லை, ஒன்றுமில்லை. உள்ளே கிணற்றடி மாதிரி ஒரு அமைதி. "போயிட்டியா?" என்று கேட்டேன். ஒரு காது அடைத்திருந்ததால் கொஞ்சம் உரக்கவே கேட்டிருப்பேன் போலிருக்கிறது. டக், டக் என்றது.

மாப்பிள்ளை, நான் பயந்தவன் இல்லை. சாக்கடைக்குள் இடுப்பளவு தண்ணீரில் தனியாக நின்று வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் கம்பியைப் போட்டுவிட்டு ஜன்னல்வரைக்கும் போய்விட்டேன். வெளியே தெருவில் பட்டப்பகல் வெளிச்சம், ஒருத்தர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், உலகம் பாட்டுக்கு இருக்கிறது. திரும்பி வந்து மறுபடி கம்பியை வைத்து, "உள்ளதான் இருக்கியா?" என்றேன். டக். ஒரே ஒரு டக். யோசித்துப் பார், இது டிஸ்க் தலை முட்டுகிற சத்தம் என்றால் உன் அக்காவின் கணக்கு அதற்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து தினம் போய்க் கேட்கிறேன். வலிக்குதா என்றேன், இரண்டு. குளிருதா என்றேன், ஃப்ரிட்ஜில் வைத்த குற்ற உணர்ச்சி எனக்கு, அதற்குக் கொஞ்சம் தாமதித்து ஒன்று. ரிப்பேர்க்காரரை மறுபடி கூப்பிடவா என்று கேட்டதற்கு இரண்டு இரண்டாகத் தட்டிக்கொண்டே இருந்தது, சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அப்புறம் பெரிய கேள்வியைக் கேட்டேன், "உன்னைத் திறந்து பாக்க உன் தம்பி ஊருக்கு அனுப்பவா?" இரண்டு, பளிச்சென்று. பயமா இருக்கா என்றேன், இரண்டு. அப்படின்னா இப்படியே இருக்கட்டுமா என்றேன், ஒன்று. ராத்திரி சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்திருந்த உன் அக்காவின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது, அவளுக்குத் தெரியாமல் அவளோடு பேசிவிட்டு வந்தவன் மாதிரி. இதில் வேடிக்கை, அவளும் இப்போது கொஞ்ச நாளாக நல்ல குஷியாக இருக்கிறாள், எனக்கு இன்னொரு கரண்டி சோறு போடுகிறாள்.

நேற்றுச் சாயங்காலம் நடந்ததைச் சொன்னால் கடிதம் முடிந்தது. ரொம்ப நாளாக எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. குரல் போனதில் உனக்குக் கஷ்டமா என்று உன் அக்காவை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் யோசிக்காமல் இரண்டு தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அதைத்தான் நேற்று டிஸ்கைக் கேட்டேன். கேட்கவே வெட்கமாக இருந்ததால் குமிழோடு வாயை வைத்து ரகசியமாகக் கேட்டேன்: "வெளியில இருக்கறவளுக்கு நீ இல்லாம கஷ்டமா இருக்கா?" அப்புறம் காதை வைத்தேன். எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது ஒரு தட்டு வந்தது. முன்பெல்லாம் வந்தது காய்ந்த சத்தம், பலகையில் தட்டுகிற மாதிரி. இது அப்படி இல்லை. ரோட்டுக்கு அடியில் ரொம்ப ஆழத்தில் போகிற குழாயில் எப்போதாவது ஒன்று கேட்கும், அந்த மாதிரி ஈரமாக, தூரத்திலிருந்து வந்தது. இன்னொன்று வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெளிவானது. டிஸ்குக்கு மூளை கலங்கிவிட்டது. உன் அக்கா இத்தனை தடவை இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க, இது ஆமாம் என்கிறது என்றால் உள்ளே எல்லாம் கீறிப்போய்விட்டது என்றுதானே அர்த்தம்? ஆக, அது சொன்னதைக் கேட்டாலும் அனுப்பக்கூடாது, சொன்னது உளறல் என்றாலும் அனுப்பிப் பிரயோசனம் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆளை அனுப்ப வேண்டாம். துண்டோடு அது மேஜையிலேயே இருக்கட்டும், நான் அவ்வப்போது போய் விசாரித்துக்கொள்கிறேன். உன் அக்காவுக்கு இது எதுவும் தெரிய வேண்டாம், பயந்துவிடுவாள்.

தங்கைக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, கண் கெடாமல், முதுகு வளையாமல், சகல நன்மையும் பெற்று நீடூழி வாழ என் ஆசிகள். நீயும் உன் வீட்டில் மெயினை முதலில் அடைக்கும் பழக்கத்தை விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. கவரை ஒட்டி, முகவரி எழுத என்னிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். அவர் கையெழுத்தில் எழுதினால் வேறு ஊருக்குப் போய்விடும். ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தேன்.

தட்டியது நான். அந்த மேஜை சமையலறைச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது, சுவருக்கு இந்தப் பக்கம் என் அலமாரி. முதல் நாள் அவர் "போயிட்டியா?" என்று கத்தியபோது, கடைக்குப் போய்விட்டேனா என்று என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, கையிலிருந்த கரண்டியால் இரண்டு தட்டினேன். அப்புறம் "உள்ளதான் இருக்கியா?" என்றார். ஒன்று தட்டினேன். அதற்குப் பிறகு கதவிடுக்கு வழியாகப் பார்த்தால் கம்பியைக் காதில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறார். விஷயம் புரிந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவர் காது நல்ல காதுதான், சுவருக்கு அந்தப் பக்கம் நான் இருப்பேன் என்று மட்டும் அதற்குத் தோன்றவில்லை.

ஏன் அனுப்ப வேண்டாம் என்று தட்டினேன் என்று கேட்பாய். ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து அவர் தினம் கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு உட்கார்ந்திருந்தார். மண்புழுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிற அவளோடு. நான் உள்ளே போனால் அந்நியப் பெண்ணைப் பார்த்தமாதிரி திடுக்கிட்டார். எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. அவள் கெட்டுப்போனதும் உண்மையைச் சொன்னால் சந்தோஷப்பட்டேன். கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகு, பதில் சொல்வதாவது நானாக இருக்கட்டும் என்று நினைத்தேன். என்னிடம் இவ்வளவு கேள்வி அவர் கேட்டதே இல்லை தம்பி.

நேற்று அவர் கேட்டது எனக்கு இதைப் படிக்கும்வரை தெரியாது. அந்த நேரத்தில் நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டம்மா கூடவே நின்று மடித்துக் கொடுத்தாள். இறங்கி வந்தபோது அவர் அந்த அறையிலிருந்து முகம் வெளுத்து வந்தார், கம்பியைப் பரண் மேல் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

மற்றதெல்லாம் நான். அந்த ஒரு தட்டு நான் இல்லை. நான் இருந்திருந்தால் எப்போதும்போல இரண்டு தட்டியிருப்பேன்.

சனிக்கிழமை அந்த ஆளை அனுப்பு.